கடைசி ஆஜர்

அன்றைக்கு ஆனைப்பாறைக்குப் போனவர்கள் மொத்தம் நாற்பத்தேழு பேர் சார். பன்னிரண்டாம் வகுப்பில் பையன்கள் பதினெட்டு, பெண்பிள்ளைகள் இருபத்தாறு, ஆக நாற்பத்து நான்கு. வகுப்பாசிரியர் தவசிமுத்து சார் ஒருவர். தமிழ் எடுக்கும் ஜெயராணி டீச்சர் ஒருவர். அப்புறம் நான். பள்ளிக்கூட வாசலில் படுத்திருக்கும் செவலை நாயும் கூடவே வந்தது. பாதியில் திரும்பிவிட்டதால் அதை நான் சேர்க்கவில்லை.

பதிவேட்டில் நாற்பத்தாறு பேர். அதில் இரண்டு பேர் அன்றைக்கு வரவில்லை. ஒரு பையனுக்கு அம்மை போட்டிருந்தது. ஒரு பிள்ளை தூத்துக்குடிக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். நாற்பத்தாறு பதிவேடு, நாற்பத்து நான்கு ஆள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள் சார். தலைமையாசிரியர் வர இன்னும் அரைமணி நேரம் ஆகும். நீங்கள் இங்கே மாற்றலாகி வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைப் பிடித்துக்கொண்டார்கள். விழா அன்று பாறைக்குப் போகணும், அனுமதி வாங்கித் தாங்க என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் போய்க் கேட்டால் தலைமையாசிரியர், மூன்று வருஷமாக அதை நிறுத்தியாச்சு என்பார். ஏன் என்று கேட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் என்னைக் கை காட்டுவார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எட்டாவது வரை படித்தவன். மணி அடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது, இதுதான் என் வேலை. ஆனால் எண்ணச் சொன்னால் எண்ணுவேன். பிசகாது.

பிரிவு உபசார விழா எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. பெண்பிள்ளைகள் அம்மா சேலையைக் கட்டிக்கொண்டு வருவார்கள், பையன்கள் வேட்டி. பதினோராம் வகுப்பு செலவில் கேசரி, வடை, காபி. ஒருத்தர் நோட்டில் ஒருத்தர் எழுதிக் கொடுப்பார்கள், அழுவார்கள், படம் எடுப்பார்கள். இங்கே அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு எல்லோரும் ஆனைப்பாறை உச்சிக்குப் போய், அந்த வருஷத்தைப் பெயிண்டில் எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். வகுப்புத் தலைவி பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். 'உள்ளேன் ஐயா' என்று ஒவ்வொருவரும் தொண்டை கிழியச் சொல்வார்கள். ஊர் முழுக்கக் கேட்கும். கடைசி ஆஜர் என்று அதற்குப் பெயர்.

கடைசி ஆஜரில் யாரும் வராமல் இருக்கக் கூடாது. அதுதான் முறை. வராத பிள்ளைக்கு அதே பெஞ்சில் உட்காரும் பிள்ளை குரல் கொடுக்கும். ஒரு வருஷம் ஏழு பேர் வரவில்லை, ஏழு பேருக்கும் குரல் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தது என்று சொல்லவே மாட்டார்கள். வாத்தியார் அடித்தாலும் சொல்ல மாட்டார்கள்.

நான் அடிவாரத்தில், முதல் படிக்குப் பக்கத்தில் நிற்பேன். அங்கே இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற வழிதான் இருக்கிறது. எண்ணுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேலே போனால் பிள்ளைகள் சிதறிவிடுவார்கள், கணக்கு நிற்காது. அதனால்தான் முப்பத்தொரு வருஷமும் நான் கீழேயே நின்றேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆளை முகத்துக்கு நேரே பார்க்கக் கூச்சம். பெண்பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் காலைப் பார்த்துத்தான் எண்ணுவேன். இரண்டு கால் ஒரு ஆள். பாறையில் சாக்பீஸால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு.

அன்று ஏறும்போது நாற்பத்து நான்கு கோடு. தவசிமுத்து சார் பிள்ளைகளோடு ஏறினார். ஜெயராணி டீச்சருக்கு முழங்கால் வலி, என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்தே கால் இருக்கும், மேலே ஆஜர் எடுத்தார்கள். நான் கீழேயிருந்து குரலை எண்ணினேன். நாற்பத்தாறு. வராத இரண்டு பேருக்கும் யாரோ கொடுத்துவிட்டார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டு, 'அம்மை போட்டவனும் வந்துட்டான் பாருங்க' என்றார்கள். நானும் சிரித்தேன்.

இறங்கும்போது ஒரே ஓட்டம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பெயிண்ட் கறையோடு, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சார் கூட்டத்துக்கு நடுவில், ஓடாதே ஓடாதே என்று கத்திக்கொண்டு வந்தார். நான் கோடு போட்டேன். கடைசிக் கால் கடந்ததும் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று.

மறுபடி எண்ணினேன். கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று.

தவசிமுத்து சாரிடம் போனேன். அவர் பையன்களோடு படம் எடுக்க நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய்த்தான் சொன்னேன்.

"சார், ஏறினது நாப்பத்து நாலு. இறங்கினது நாப்பத்து மூணு."

"அப்படியா? இருங்க" என்று பதிவேட்டை வாங்கி அங்கேயே பெயர் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு இன்னும் மேலே நின்ற உற்சாகம் அடங்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா. அம்மை போட்டவன் உள்ளேன். தூத்துக்குடிக்குப் போனவள் உள்ளேன். நாற்பத்தாறு குரல்.

சார் பதிவேட்டை மூடினார். "கேட்டியளா அண்ணாச்சி? உங்க கணக்குக்கு மூணு பேர் கூடுதலாவே இருக்காவ."

எல்லோரும் சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டது. குரல் வேறு, ஆள் வேறு சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். நாற்பத்து மூன்று பேர் சிரிக்கும்போது எப்படிக் கேட்பது? வடை ஆறிப்போகும் என்று சார் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் நகரவில்லை. டீச்சர் எழுந்தவர்கள் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்கள். கால் வலியோடு இருக்கிறவர்களுக்குப் பிறத்தியார் பயம் சீக்கிரம் தெரிந்துவிடும் போல.

"நிசமாவே ஒண்ணு குறையுதா அண்ணாச்சி?"

"குறையுது டீச்சர்."

"எந்தப் பிள்ள?"

தெரியாது. பையனா பெண்ணா என்றார்கள். அதுவும் தெரியாது. டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்கு மணி அடிக்கிறீர்கள், ஒரு முகம் கூடவா தெரியாது என்று கேட்டார்கள். எண்ணச் சொன்னதுதானே என் வேலை? முகம் பார்க்க யாரும் சொல்லவில்லையே. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு, ஏறின கால்களை முதலில் இருந்து ஓட்டிப் பார்த்தேன். கொலுசு, ரப்பர் செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, வெறுங்கால். பிறகு இறங்கின கால்கள். முப்பத்தெட்டாவதாக ஏறின கால் இறங்கவில்லை. ஊதாச் சேலை. சேலைக்குக் கீழே கறுப்பு ஸ்கூல் ஷூ. பாலீஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது.

"சேலைக்கு ஷூ போட்ட பிள்ள டீச்சர்."

நாலைந்து பெண்பிள்ளைகள் பின்தங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவர்களைக் கூப்பிட்டு, சேலைக்கு ஷூ போட்டு வந்தது யாரு என்று கேட்டார்கள். பிள்ளைகள் களுக்கென்று சிரித்து, எப்சிபா டீச்சர் என்றார்கள். அவள் எங்கே என்றதும் சிரிப்பு நின்றது. அதில் ஒருத்தியின் கால் பெருவிரல் மண்ணைக் கீற ஆரம்பித்தது. அவள் சுகந்தி. எப்சிபா பக்கத்தில் உட்காருகிறவள்.

சுகந்தி மென்று விழுங்கித்தான் சொன்னாள். எப்சிபா பின்பக்க வழியாக இறங்கி வீட்டுக்குப் போயிருப்பாளாம். அந்தப் பக்கம்தான் அவள் தெரு. அவள் அப்பா ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாராம், அதற்கு முன்னால் வீட்டுக்கே ஓடியிருப்பாளாம். சார் தேடுவாரே என்று இவள்தான் குரல் கொடுத்தாளாம்.

டீச்சர் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஆனால் பின்பக்கம் வழியே இல்லை சார். கார்த்திகையோடு அதைக் குவாரிக்காரர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். பாறை பாளம் பாளமாக அறுந்து, மூன்று பனை உயரத்துக்குப் பள்ளம். சுகந்தி வெளியூர்ப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. எப்சிபாவும் பள்ளிக்கூடம், வீடு என்று இருக்கிற பிள்ளை. அவளுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

சொன்னேன். டீச்சர் பழையபடி கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஊரைக் கூட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. டீச்சர்தான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் அக்கா இதே பள்ளிக்கூடம். இதே மாதிரி விழா அன்றைக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தவள், சாயங்காலம் வீட்டுக்குப் போகவில்லை. யாரையோ கட்டிக்கொண்டு திருப்பூரில் இருக்கிறாள். அப்பா ராஜமணி அன்றையில் இருந்து சின்னவளை அரைமனதாகத்தான் படிக்க விடுகிறார். விழாவுக்கு அனுப்புங்கள் என்று டீச்சரே வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

"இவளும் காணோம்னு அந்த மனுசன் காதுல விழுந்துதுன்னா, உசிரோட கிடைச்சாலும் பரீட்சை எழுத விட மாட்டாரு அண்ணாச்சி. இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு. நீங்க ஏறிப் பாருங்க."

சாருக்குப் போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிருக்கிற சத்தம் இங்கேயே கேட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, சாரைக் கூட்டிவரப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அப்புறம் அங்கே இருந்தது முழங்கால் வலிக்காரி ஒருவர், நான் ஒருவன்.

நூற்றுப் பன்னிரண்டு படி. ஏறும்போதே எண்ணினேன். முதல் நாற்பது படி இரண்டு பக்கமும் பாறை, அது ஒரு சந்து மாதிரி, ஒன்றும் தெரியாது. நாற்பத்தொன்றில் இருந்து ஒரு பக்கம் திறந்துவிடும். எழுபது வரை இரும்புக் குழாய் இருக்கிறது. எழுபத்தொன்றில் இருந்து நூறு வரைக்கும் அதுவும் இல்லை. காற்று வேறு. கீழே பள்ளிக்கூடம் தீப்பெட்டி மாதிரி தெரியும் என்று பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பார்க்கவில்லை. எண்ணுகிறவன் வேடிக்கை பார்க்கக் கூடாது. அந்த முப்பது படியையும் நான் கையை ஊன்றித்தான் ஏறினேன். செங்குத்தான இடத்தில் கையை ஊன்றுவது முறை. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அது வெயிலால். வெயில் இறங்கிவிட்டதுதான், ஆனால் பாறை சூட்டை வைத்திருக்கும்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. பின்பக்கம் போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்குமே. பார்த்தால் ஊதா நிறம் தெரிந்துவிடுமே. தெரியக் கூடாது, ஆண்டவரே, தெரியக் கூடாது.

உச்சியில் யாரும் இல்லை. அந்த வருஷத்தை எழுதின பெயிண்ட் இன்னும் காயவில்லை. அதைத் தாண்டி ஒரு சுனை இருக்கிறது. ஆழம் யாருக்கும் தெரியாது. சுனையின் ஓரத்தில் கறுப்பு ஷூ இரண்டு, ஜோடியாக வைத்திருந்தது.

நீங்கள் படித்தவர்கள். ஷூவை ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு என்ன தோன்றுமோ, அதுதான் எனக்கும் தோன்றியது. தண்ணீரைப் பார்த்தேன். கறுப்பாக, அசையாமல் கிடந்தது. எண்ணுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு அந்தப் பிள்ளையின் பெயர் வாயில் வரவில்லை. ஷூ, ஷூ என்றுதான் வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணாச்சி."

பின்னால் இருந்த பாறை இடுக்கில் இருந்து வந்தது குரல். இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க மண். உள்ளங்கை இரண்டும் சிராய்ந்திருந்தது. அன்றைக்குத்தான் நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு.

நடந்தது இவ்வளவுதான். எல்லோரும் இறங்கும்போது இவள் பின்பக்கமாகப் போயிருக்கிறாள். வழி இருந்த இடத்தில் வழி இல்லை. ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனவள், கீழே பள்ளத்தைப் பார்த்துவிட்டாள். அப்படியே குப்புற விழுந்து, தவழ்ந்தே திரும்பி வந்திருக்கிறாள். ஷூ வழுக்குகிறது என்று கழற்றி வைத்திருக்கிறாள். அதற்குள் எல்லோரும் இறங்கியாயிற்று. கூப்பிடலாமே என்றேன். கூப்பிட்டால் வந்து சிரிப்பார்களே என்றாள். எனக்கு அது புரிந்தது.

"என்னால இறங்க முடியாது அண்ணாச்சி. காலு நிக்க மாட்டேங்கி."

"நூத்திப் பன்னெண்டு படிதான்" என்றேன்.

"நீங்க முன்னாடி இதுல ஏறியிருக்கியளா?"

"முப்பத்தொரு வருசமா வாரேன்."

அது பொய் இல்லையே சார். வந்துகொண்டுதானே இருந்தேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஷூவை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். என்னைக் கண்டதும் தைரியம் வந்துவிட்டது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு அப்படித்தான். எனக்கு எழுந்திருக்க இரண்டு நிமிஷம் ஆனது. ஏறி வந்த களைப்பு.

அவளை முன்னால் விட்டேன். பின்னால் விட்டால் எப்படிப் பார்த்துக்கொள்வது? கையைக் கொடுங்கள் என்றாள், கொடுத்தேன். பயந்த பிள்ளை, பிடி வேண்டுமே. அவள் கை நடுங்கியது. அந்த நடுக்கம் என் கைக்கும் ஏறி, என் பல் வரைக்கும் வந்துவிட்டது. முப்பது படி அந்தக் குழாய் இல்லாத இடம் இருக்கிறதே, அங்கே நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். நின்று இறங்கினால் அவளுக்கும் நிற்கத் தோன்றும், விழுந்துவிடுவாள். நான் செய்வதைப் பார்த்து அவளும் உட்காருவாள் என்று செய்தேன். அவள் என்னவோ நின்றேதான் இறங்கினாள்.

"கீழ பாக்காதீங்க அண்ணாச்சி. என் காலை மட்டும் பாருங்க."

அதைத்தானே நான் எப்போதும் பார்க்கிறேன்?

"எண்ணுங்க. நிறுத்தாதீங்க. சத்தமா எண்ணுங்க."

எண்ணினேன். எண்ணச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு அவளுக்குப் பயம்.

மேலிருந்து எண்ணி அறுபதாவது படியில், குழாய் இருக்கிற இடத்தில், கொஞ்சம் உட்காரச் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்குமே என்று. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்று தெரியாது. அவள்தான் பேசிக்கொண்டே இருந்தாள், நிறுத்தாமல்.

அந்த வருஷம் அறுபத்து மூன்று நாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லையாம். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல், பீடி இவள்தான் சுற்ற வேண்டும். பாதி நாள் சுகந்தி குரல் கொடுத்து ஆஜர் போட வைத்திருக்கிறாள்.

"கடைசி நாளாவது நானே சொல்லணும்னு ஷூவெல்லாம் துடைச்சுப் போட்டுட்டு வந்தேன் அண்ணாச்சி. என் பேரைக் கூப்பிட்டதும் சுகந்தி பழக்கத்துல முந்திச் சொல்லிட்டா. நான் பக்கத்துலதான் நிக்கேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அதற்குப் பிறகுதான் தனியாகப் பின்பக்கம் நடந்திருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "இன்னும் அம்பத்திரண்டு படி இருக்கு" என்றேன். அவள் சரி என்று எழுந்து கையை நீட்டினாள்.

நூற்று மூன்றாவது படியில் கீழே பேச்சுக்குரல் கேட்டது. டார்ச் வெளிச்சம் பாறையில் ஏறி இறங்கியது. சாரும் டீச்சரும், கூடவே நாலைந்து பேர். ஒரு குரல் மட்டும் தனியாக, கட்டையாக, 'எம் பிள்ள எங்க? அதை மட்டும் சொல்லுங்க' என்றது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் ஆறு மணிக்கு வந்து நின்ற மனுஷன், மகளைக் காணாமல் இங்கே வந்துவிட்டார்.

எப்சிபா நின்றுவிட்டாள். அத்தனை படி இறங்கியபோது இல்லாத நடுக்கம் அப்போது வந்தது. அதை நான் கையில் உணர்ந்தேன். அந்தச் சந்துக்குள் இருந்ததால் அவர்களுக்கு எங்களைத் தெரியாது.

"அண்ணாச்சி" என்றாள், காதோடு காதாக. "உங்களுக்குத்தான் இறங்க முடியலன்னு சொல்லட்டுமா? பயந்து மேலயே உக்காந்துட்டிய, உங்களை விட்டுட்டு வர மனசில்லாம நான் கூட இருந்தேன்னு."

ஒரு ஆள் என்னைப் பற்றி அப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் சார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நாளைக்குக் காலையில் அதே பிள்ளைகளுக்கு நான் மணி அடிக்க வேண்டும். பாறைக்கு எண்ணப் போனவன் பாறையில் பயந்து உட்கார்ந்தான் என்றால் யார் என் எண்ணிக்கையை நம்புவார்கள்? ஆனால் அந்தக் குரல் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து நாள்.

தலையை ஆட்டினேன்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். பாறை முழுக்க எதிரொலித்தது. "இங்கதான் இருக்கேன். அண்ணாச்சி பயந்துட்டாரு. கூட்டிட்டு வாரேன்."

கீழே இருந்து அந்தக் கட்டைக்குரல் உடைந்து வந்தது. "பாத்து இறக்கு தாயி. அவரு கைய விட்டுராத."

அவள் பரீட்சை எழுதினாள். அறுநூறுக்கு ஐந்நூற்றுப் பதினெட்டு. இப்போது திருநெல்வேலியில் கல்லூரியில் கடைசி வருஷம். இனி அவளுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன், நீங்களும் வெளியே சொல்ல வேண்டாம். தலைமையாசிரியர் மறுநாளே பாறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பணியாளருக்குத் தலைசுற்றல் இருக்கிறது என்று கோப்பில் எழுதியிருக்கிறது. அதில் நான் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். டீக்கடையில் என்னைப் பார்த்தால், அண்ணாச்சி அந்த வாசப்படி ஏறுவியளா, ஆள் கூப்பிடவா என்கிறார்கள். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை.

எப்சிபா ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்து தருவாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கூட, 'இப்பவும் உசரம்னா பயமா இருக்கா அண்ணாச்சி?' என்று மெதுவாகக் கேட்பாள். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். சுவருக்கும் காது உண்டு என்று தெரிந்த பிள்ளை. நானும் ஆமாம் என்று சொல்லிவைப்பேன்.

நீங்கள் பாறைக்கு அனுமதி கேளுங்கள். ஆனால் கீழே வந்ததும் பெயர் கூப்பிடாதீர்கள் சார். ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணுங்கள்.

தலைமையாசிரியர் வண்டிச் சத்தம் கேட்கிறது. ஒன்றே ஒன்று, அதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவள் அப்படிச் சொன்ன பிறகு, கீழே நிற்கிறவர்கள் நம்ப வேண்டுமே. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் தோளில் என் பாரத்தை முழுக்கப் போட்டேன். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடியது. உதடு கூட ஆடியது. பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. நூற்று மூன்று படி நான் அந்தப் பிள்ளையை இறக்கிக் கூட்டி வந்தேன் சார். நடித்தது மிச்சம் இருந்த ஒன்பது படியில் மட்டும்தான்.